பிள்ளையின் படிப்பில் வீட்டுக்கு என்ன வேலை?

1966-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் அறிக்கை, பள்ளிகளைப் பற்றிப் பலரும் நம்பி வந்த ஒன்றை ஆட்டிப் பார்த்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கும் வெள்ளையினப் பிள்ளைகளுக்கும் கிடைக்கும் கல்வியில் எவ்வளவு ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்று கணக்கெடுக்கும்படி 1964-ன் சிவில் உரிமைச் சட்டம் சொல்லியிருந்தது. சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு ஏறத்தாழ 4,000 பள்ளிகளில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைச் சோதித்தது. கட்டடம், ஆய்வகம், நூலகம், செலவிடும் பணம் ஆகியவற்றில் உள்ள வேறுபாடுதான் மதிப்பெண்ணிலும் வேறுபாடாக வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். தரவு வேறு மாதிரி சொன்னது. பிள்ளைகளின் மதிப்பெண் வேறுபாட்டை இந்த வசதிகளைவிடக் குடும்பப் பின்னணிதான் பெரிய அளவில் விளக்கியது.

இதைப் படித்துவிட்டுப் பள்ளியால் பெரிய பயன் இல்லை என்று முடிவு கட்டியவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு. ஏழை வீட்டுப் பிள்ளைகளும் சிறுபான்மைப் பிள்ளைகளும்தான் பள்ளியின் தரத்தை அதிகம் சார்ந்திருக்கிறார்கள் என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. நல்ல ஆசிரியர் ஒருவரால் எவ்வளவு மாற்றம் வரும் என்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. ஆனாலும் கோல்மன் எழுப்பிய கேள்வி அப்படியே நின்றது: குடும்பம் என்றால் குடும்பத்தில் எது? பணமா, பெற்றோரின் படிப்பா, அவர்கள் அன்றாடம் செய்யும் ஏதாவதா?

அடுத்த ஆண்டே, 1967-ல், இங்கிலாந்தின் தொடக்கக் கல்வியைப் பற்றிய பிளவுடன் அறிக்கை இதற்கு ஒரு பதில் தந்தது. வீட்டின் வருமானம், இடவசதி போன்ற சூழ்நிலைகளைவிடப் பிள்ளையின் படிப்பின் மீது பெற்றோர் கொண்டிருக்கும் அக்கறையும் மனப்போக்கும் அதன் முன்னேற்றத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. வருமானத்தை ஒரே நாளில் மாற்ற முடியாது. மனப்போக்கும் பழக்கமும் மாறக்கூடியவை. குடும்பத்தைப் பள்ளியோடு இணைக்கும் திட்டங்கள் உலகம் முழுக்கப் பெருகியதற்கு இந்த நம்பிக்கை ஒரு முக்கியக் காரணம்.

திட்டங்கள் பெருகின, சரி. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பள்ளியின் கண்ணுக்குத் தெரிகிற பங்கேற்பையே கணக்கில் எடுத்துக்கொண்டன. கூட்டத்துக்கு வந்தார்களா, கையெழுத்துப் போட்டார்களா, ஆண்டு விழாவுக்கு உதவினார்களா, வீட்டுப்பாடத்தை உட்கார்ந்து முடிக்க வைத்தார்களா என்று. பிள்ளையின் கற்றலை உண்மையில் நகர்த்துகிற பங்கு பெரும்பாலும் பள்ளியின் கண்ணில் படாத இடத்தில் நடக்கிறது. அதைச் செய்யப் பெற்றோர் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. இந்த இரண்டையும் ஆய்வுகள் எவ்வளவு தெளிவாகச் சொல்கின்றன என்பது பல பெற்றோருக்கும், ஏன், பல ஆசிரியர்களுக்குமே போய்ச் சேரவில்லை.

எண்கள் சொல்வது

பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்க்கும் முறையில் இந்தத் தலைப்பில் நிறைய வேலை நடந்திருக்கிறது. 2001-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில், பெற்றோரின் எதிர்பார்ப்புதான் மாணவர் தேர்ச்சியோடு மிக வலுவான தொடர்பு கொண்டிருந்தது. வீட்டில் உட்கார வைத்து மேற்பார்வை பார்ப்பது மிகப் பலவீனமான தொடர்பையே காட்டியது. நடுநிலைப் பள்ளி மாணவர்களைப் பற்றி 2009-ல் நான்சி ஹில், டயானா டைசன் இருவரும் செய்த தொகுப்பாய்வு இன்னும் துல்லியமானது. எதற்காகப் படிக்கிறோம், இந்தப் பாடம் பின்னால் எங்கே உதவும், உனக்கு என்னவாக ஆசை, அதற்கு என்ன வழி என்று பிள்ளையோடு பேசுவது முதலிடத்தில் வந்தது. பள்ளிக்குப் போய்ப் பங்கேற்பதன் பலன் அதைவிடக் குறைவு. வீட்டுப்பாடத்துக்கு உதவுவது மட்டும் எதிர்த்திசையில் தொடர்பு காட்டியது. அதாவது உதவி கூடக்கூட மதிப்பெண் குறைந்திருந்தது.

இந்தக் கடைசி முடிவை அவசரமாகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. தடுமாறுகிற பிள்ளைக்குத்தானே பெற்றோர் அதிகம் உதவுகிறார்கள்? மதிப்பெண் குறைந்ததால் உதவி கூடியிருக்கலாம். இந்தத் துறையின் பெரிய சிக்கலே இதுதான். நல்ல மதிப்பெண்ணும் பெற்றோரின் ஈடுபாடும் சேர்ந்தே காணப்பட்டால் எது எதற்குக் காரணம் என்று உடனே சொல்லிவிட முடியாது. இரண்டுக்கும் பின்னால் வசதி என்ற மூன்றாவது காரணம் இருக்கலாம். நன்றாகப் படிக்கிற பிள்ளையின் பெற்றோர் கூட்டத்துக்கு ஆசையாக வருவார்கள் என்பதும் இயல்பு. 2014-ல் இரு அமெரிக்க ஆய்வாளர்கள் பெற்றோர் பங்கேற்பின் 60-க்கும் மேற்பட்ட வடிவங்களை நீண்டகாலத் தரவில் சோதித்தபோது, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மதிப்பெண்ணோடு தெளிவான தொடர்பே தெரியவில்லை. ஆகவே, குலுக்கல் முறையில் குடும்பங்களை இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் ஒன்றைச் செய்து பார்த்த சோதனைகளுக்குத்தான் அதிக மதிப்புத் தர வேண்டும். அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டுப்பாடம் என்ற கண்ணிவெடி

வீட்டில் படிப்பைப் பற்றி நடக்கிற சண்டைகளில் பாதி வீட்டுப்பாடத்தை வைத்துத்தான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும்.

2015-ல் எரின் மலோனி, சியான் பெய்லாக் உள்ளிட்டோர் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளையும் அவர்களின் பெற்றோரையும் ஓராண்டு கவனித்தார்கள். கணக்கு என்றாலே பயப்படுகிற பெற்றோர் அடிக்கடி கணக்குப் பாடத்துக்கு உதவிய வீடுகளில், பிள்ளைகள் அந்த ஆண்டில் கற்ற கணக்கு குறைவாக இருந்தது. ஆண்டு முடிவில் அவர்களுக்கும் கணக்கின் மீது பயம் கூடியிருந்தது. அதே அளவு பயமுள்ள பெற்றோர் அதிகம் உதவாத வீடுகளில் இந்த விளைவு தெரியவில்லை. பயம் பரம்பரையாக வருகிறது என்று இதற்குப் பொருள் அல்ல. பென்சிலைப் பிடுங்குவது, பெருமூச்சு விடுவது, இதுகூடத் தெரியவில்லையா என்று கேட்பது, பள்ளியில் கற்ற முறையை விட்டு வேறு முறையில் போட வைப்பது, இவை வழியாகவும் பயம் கடக்கிறது என்பதை இது நினைக்க வைக்கிறது.

உதவியில் இரண்டு விதம் உண்டு என்று உளவியலாளர்கள் நீண்ட காலமாகச் சொல்லி வருகிறார்கள். பிள்ளை தானே யோசிக்க இடம் விட்டு, சிக்கிய இடத்தில் மட்டும் கைகொடுப்பது ஒன்று. விடையைச் சொல்வது, ஒவ்வொரு வரியையும் திருத்துவது, முடிக்கும்வரை எழக் கூடாது என்று கட்டிப்போடுவது இன்னொன்று. முதல் விதம் பிள்ளையின் ஆர்வத்தையும் தன்னம்பிக்கையையும் வளர்க்கிறது. இரண்டாவது அன்றைய நோட்டுப் புத்தகத்தை அழகாக்குகிறது, அவ்வளவுதான். ஏற்கெனவே பாடத்தில் தடுமாறும் பிள்ளையை இந்த இரண்டாம் விதம் இன்னும் அதிகமாகப் பாதிக்கிறது. என்னால் தனியாக முடியாது என்ற எண்ணத்தை அது உறுதி செய்துவிடுகிறது.

இதில் பலரும் யோசிக்காத ஒன்று இருக்கிறது. பிள்ளையின் தவறுகள் எல்லாவற்றையும் வீட்டிலேயே திருத்தி அனுப்பினால், அந்தப் பாடம் அதற்குப் புரியவில்லை என்று ஆசிரியருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. தவறான விடையோடு போகிற நோட்டு ஆசிரியருக்குக் கிடைக்கும் நல்ல தகவல். இவ்வளவு நேரம் முயன்றான், இந்த இடத்தில் நின்றுவிட்டான் என்று பெற்றோர் ஒரு வரி எழுதி அனுப்பினால் ஆசிரியர் அங்கிருந்து தொடங்கலாம். முழு வீட்டுப்பாடத்தையும் முடித்து அனுப்புவதைவிட இது பிள்ளைக்கு அதிக நன்மை செய்யும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அப்படியானால் பெற்றோர் என்னதான் செய்வது? தினமும் ஏறத்தாழ ஒரே நேரம், சத்தம் குறைந்த ஓர் இடம், கைப்பேசி பக்கத்தில் இல்லாமல் இருப்பது, போதிய தூக்கம், காரணமில்லாமல் விடுப்பு எடுக்காமல் இருப்பது. இவை சாதாரணமாகத் தெரியலாம், ஆனால் கற்றல் இவற்றின் மீதுதான் நிற்கிறது. அப்புறம், இதை எப்படிக் கண்டுபிடித்தாய், எனக்குச் சொல்லிக் கொடு என்று கேட்பது. பாடம் தெரியாத பெற்றோர் இந்தக் கேள்வியைக் கேட்டால் அது இன்னும் உண்மையாக இருக்கும், பிள்ளையும் உற்சாகமாக விளக்கும். அடுத்தவருக்கு விளக்கும்போதுதான் தனக்கு எது புரியவில்லை என்பது நமக்கே தெரிய வருகிறது.

எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர்

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த ஆய்வு 1970-களில் லண்டனின் ஹாரிங்கே பகுதியில் நடந்தது. ஜாக் டிசார்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஆறேழு வயதுப் பிள்ளைகளிடம் பள்ளியிலிருந்து வாசிப்புப் புத்தகங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்கள். பிள்ளை அதைப் பெற்றோரிடம் சத்தமாக வாசித்துக் காட்ட வேண்டும். பெற்றோர் கேட்க வேண்டும். இவ்வளவுதான் திட்டம். இரண்டு ஆண்டுகள் இது நடந்தது. இன்னொரு பக்கம், வேறு பிள்ளைகளுக்குப் பள்ளியிலேயே கூடுதல் ஆசிரியரை வைத்து வாசிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். முடிவில் வீட்டில் வாசித்துக் காட்டிய பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். கூடுதல் ஆசிரியரின் உதவி பெற்ற குழுவில் அந்த அளவு முன்னேற்றம் இல்லை.

அந்தப் பெற்றோரில் பலருக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. சிலருக்கு எழுதப் படிக்கவே தெரியாது. அவர்களின் பிள்ளைகளும் முன்னேறினார்கள். அவர்களால் தவறைத் திருத்தியிருக்க முடியாது. அவர்கள் கொடுத்தது நேரமும், காதும், இது முக்கியமான வேலை என்ற மதிப்பும். தினமும் கொஞ்சம் வாசித்தால் வாசிப்பு வரும். தினமும் வாசிக்க வேண்டுமென்றால் கேட்க ஒருவர் வேண்டும். அது அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பாட்டி, தாத்தா, அக்கா, அண்ணன், சித்தப்பா என்று யாராக இருந்தாலும் சரி. எனக்கே படிக்கத் தெரியாது, நான் என்ன செய்ய முடியும் என்று ஒதுங்குகிற ஒவ்வொருவருக்கும் இந்த ஆய்வைச் சொல்ல வேண்டும்.

இளம் வயதில் கதை வாசித்துக் காட்டுவதன் பலனையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். கனடாவில் மோனிக் செனெஷால், ஜோ-ஆன் லெஃபெவ்ர் இருவரும் பிள்ளைகளை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். கதை கேட்டு வளர்வது சொல்வளத்தோடும் மொழியைப் புரிந்துகொள்வதோடும் தொடர்பு கொண்டிருந்தது. எழுத்துகளை நேரடியாகச் சொல்லிக் கொடுப்பது தொடக்க கால எழுத்தறிவோடு தொடர்பு கொண்டிருந்தது. இரண்டும் வேறு வேறு வேலை. ஒன்று இன்னொன்றுக்கு மாற்று இல்லை. எழுத்து சொல்லிக் கொடுத்தாகிவிட்டது என்று கதையை நிறுத்திவிடுகிற வீடுகள் நிறைய இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

பெற்றோருக்கே எழுத்தறிவு கொடுத்தால் என்ன ஆகும் என்றும் சோதித்திருக்கிறார்கள். பீகாரிலும் ராஜஸ்தானிலும் தாய்மார்களுக்கு எழுத்தறிவு வகுப்பும், பிள்ளைகளோடு வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளும் கொடுத்துச் செய்த சோதனையின் முடிவுகள் 2017-ல் வெளியாயின. தாய்மார்களின் கற்றல் முன்னேறியது. பிள்ளைகளின் கணக்கிலும் ஒரு முன்னேற்றம் தெரிந்தது, ஆனால் சிறியது. பெற்றோரின் படிப்பு சில மாத வகுப்பில் ஈடுகட்டக்கூடியது அல்ல. அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம், கேட்கும் காது இன்றைக்கே இருக்கிறது.

எதிர்பார்ப்பு எப்போது பாரமாகிறது

எதிர்பார்ப்புதான் வலுவானது என்று மேலே சொன்னதை, நிறைய எதிர்பார்த்தால் நிறைய வரும் என்று எடுத்துக்கொள்வது ஆபத்து. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 3,500-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த தரவை வைத்து, கூ முராயாமாவும் சக ஆய்வாளர்களும் 2016-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பெற்றோரின் ஆசை உயரும்போது பிள்ளையின் கணக்குத் தேர்ச்சியும் உயர்ந்தது. ஆனால் இந்தப் பிள்ளையால் இவ்வளவு முடியும் என்று பெற்றோரே நம்புகிற அளவைத் தாண்டி ஆசை போனபோது தேர்ச்சி சரிந்தது. ஆசைக்கும் நம்பிக்கைக்கும் நடுவில் உள்ள அந்த இடைவெளியில்தான் ஒப்பிடுதலும் திட்டும் பதற்றமும் குடியேறுகின்றன. தன்னால் முடியும் என்று பெற்றோர் நம்புகிறார்களா, இல்லை வெறுமனே கேட்கிறார்களா என்பதைப் பிள்ளைகள் மிகச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

தகவல் என்ற எளிய மருந்து

குலுக்கல் முறைச் சோதனைகளுக்கு வருவோம். இவற்றில் அடிக்கடி பலன் காட்டியது என்னவென்றால், பெற்றோருக்குச் சரியான தகவலைச் சரியான நேரத்தில் கொடுப்பது.

தம் பிள்ளை படிப்பில் எங்கே இருக்கிறது என்று பெற்றோருக்குத் தெரியும் என நாம் நினைத்துக்கொள்கிறோம். மலாவியில் ரெபேக்கா டிசோன்-ராஸ் செய்த ஆய்வில் பெற்றோரின் கணிப்புக்கும் உண்மை மதிப்பெண்ணுக்கும் பெரிய இடைவெளி இருந்தது. உண்மை நிலையை எளிமையாக விளக்கிச் சொன்னதும், பெற்றோர் பிள்ளைக்கேற்ற புத்தகத்தைத் தேர்ந்தெடுப்பது உட்படத் தங்கள் முடிவுகளை மாற்றிக்கொண்டார்கள். குறைவாகப் படித்த பெற்றோரின் கணிப்புதான் அதிகம் தவறியிருந்தது. அவர்களிடம் அக்கறைக்குக் குறைவில்லை. அவர்களைப் போய்ச் சேர்ந்த தகவல்தான் குறைவு.

மேத்யூ கிராஃப்ட், டாட் ராஜர்ஸ் இருவரும் அமெரிக்க நகரம் ஒன்றில், தோற்ற பாடத்தை மீண்டும் எழுதும் உயர்நிலை மாணவர்களின் கோடை வகுப்பில் ஒரு சோதனை செய்தார்கள். வாரம் ஒரு முறை, ஒரே ஒரு வாக்கியம், ஆசிரியரிடமிருந்து பெற்றோருக்கு. செய்தி போன வீடுகளில் பாடத்தில் தேறாதவர்கள் 15.8 சதவீதத்திலிருந்து 9.3 சதவீதமாகக் குறைந்தார்கள். பிள்ளை எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று குறிப்பாகச் சொன்ன செய்திகள், வெறும் பாராட்டைவிட அதிகம் உதவியதாகத் தெரிந்தது. லாஸ் ஏஞ்சலஸில் பீட்டர் பெர்க்மன், எந்தப் பாடத்தில் எந்த ஒப்படைப்பு விடுபட்டது என்று பக்க எண் வரை பெற்றோருக்குக் குறுஞ்செய்தி அனுப்பினார். மாணவர்களின் முயற்சியும் மதிப்பெண்ணும் கூடின. விடுப்பு விஷயத்திலும் அப்படித்தான். தம் பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்குப் போகவில்லை என்பதைப் பெற்றோர் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். சரியான எண்ணிக்கையைக் கடிதத்தில் அனுப்பியபோது, தொடர்ந்து பள்ளிக்கு வராதவர்களின் எண்ணிக்கை 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் குறைந்தது.

பாரிஸை ஒட்டிய கிரெத்தேய் கல்வி மாவட்டத்தில் 2008-09 கல்வியாண்டில் நடந்ததில் இன்னொரு நுட்பம் உண்டு. நடுநிலைப் பள்ளியில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளின் பெற்றோரில் விரும்பியவர்களை அழைத்து, தலைமை ஆசிரியர் சில கூட்டங்கள் நடத்தினார். பள்ளி எப்படி இயங்குகிறது, வீட்டிலிருந்து எப்படி உதவலாம் என்பதுதான் பேச்சு. அந்தப் பிள்ளைகளின் வருகையும் நடத்தையும் மேம்பட்டன. கூட்டத்துக்கே வராத பெற்றோரின் பிள்ளைகளிடமும், அதே வகுப்பில் படித்த காரணத்தாலேயே, மாற்றம் தெரிந்தது. ஆக, ஒரு வீட்டின் அக்கறை வகுப்பு முழுவதையும் தொடுகிறது. அதே சமயம், கூட்டம் என்பதே வீண் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் இது காட்டுகிறது. மதிப்பெண் பட்டியலைக் கையில் கொடுத்துத் திட்டி அனுப்புகிற கூட்டத்துக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

வராத பெற்றோர்

பள்ளிக்கு வராத பெற்றோருக்கு அக்கறை இல்லை என்ற பேச்சு எல்லா நாட்டு ஆசிரியர் அறைகளிலும் கேட்கும். அமெரிக்கச் சமூகவியலாளர் அன்னெட் லாரோ நடுத்தர வர்க்க வீடுகளையும் உழைக்கும் வர்க்க வீடுகளையும் நெருங்கிக் கவனித்து எழுதியது இந்தப் பேச்சுக்கு நேர் பதில். உழைக்கும் வர்க்கப் பெற்றோர் பலர் ஒதுங்கி நின்றதற்குக் காரணம் மரியாதை: படிப்பு ஆசிரியரின் வேலை, அதில் நாம் தலையிடக் கூடாது. நடுத்தர வர்க்கப் பெற்றோர் ஆசிரியரிடம் கேள்வி கேட்டார்கள், சலுகை கேட்டார்கள், பிள்ளையையும் கேட்கப் பழக்கினார்கள். பள்ளி இரண்டாவது வகையைத்தான் அக்கறை என்று புரிந்துகொண்டது. வேலை நேரம், கூலி இழப்பு, புரியாத மொழி, தன் பள்ளிக் காலத்தில் பட்ட அவமானம் என்று வராமல் இருக்க இன்னும் எத்தனையோ காரணங்கள் உண்டு.

இங்கே பொறுப்பு பள்ளியின் பக்கம் அதிகம் என்பதே என் கருத்து. மாலையிலும் விடுமுறை நாளிலும் பேச நேரம் ஒதுக்கலாம். பெற்றோர் பேசும் மொழியில் செய்தி அனுப்பலாம். வாசிக்கத் தெரியாதவருக்குக் குரல் பதிவு போதும். முதல் அழைப்பே புகாராக இல்லாமல் இருந்தால் இரண்டாவது அழைப்பை எடுக்க யாரும் தயங்க மாட்டார்கள். முதல் சந்திப்பில், உங்கள் பிள்ளையைப் பற்றி எனக்குச் சொல்லுங்கள் என்று ஆசிரியர் கேட்டாலே உறவின் போக்கு மாறிவிடும்.

ஏனென்றால் தகவல் பள்ளியிலிருந்து வீட்டுக்கு மட்டும் போக வேண்டியதில்லை. கதையைக் கேட்டால் அப்படியே திருப்பிச் சொல்கிறான், வாசிக்கச் சொன்னால் எழுத்தை மாற்றி மாற்றிச் சொல்கிறான். கரும்பலகையைப் பார்க்கக் கண்ணைச் சுருக்குகிறாள். பின்னால் நின்று கூப்பிட்டால் திரும்புவதில்லை. இவற்றை முதலில் கவனிப்பது பெரும்பாலும் வீட்டில் இருப்பவர்கள்தான். வாசிப்புக் குறைபாடோ பார்வை, செவிக் குறைபாடோ இருக்கிற பிள்ளைக்குப் பெற்றோரின் உற்சாகமும் எதிர்பார்ப்பும் மட்டும் போதாது. பயிற்சி பெற்றவரின் உதவி வேண்டும், அதுவும் எவ்வளவு சீக்கிரம் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. சோம்பேறி என்று பெயர் வாங்குவதற்கு முன்னால் கிடைத்தால் மிகவும் நல்லது. கவனித்ததைத் தேதியோடு நாலு வரி எழுதி வைத்து ஆசிரியரிடம் காட்டுங்கள். எழுத வராது என்றால் நேரில் போய்ச் சொல்லுங்கள். அவர் வகுப்பில் பார்ப்பதையும் நீங்கள் வீட்டில் பார்ப்பதையும் பக்கத்தில் வைத்தால்தான், பிள்ளையைப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டுமா என்று இருவரும் சேர்ந்து முடிவு செய்ய முடியும்.